ஜன்னலோர நாற்காலிக்கு ஒரு தட்டு

ஆபீசர் இன்று காலையும் இலையைத் தொடவில்லை.

புதிதாக இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள் பயப்பட வேண்டாம். ஆபீசர் கடிக்க மாட்டார். சிவப்பாக எதையாவது நீட்டினால் மட்டும் பூ என்று நினைத்து வாயை வைப்பார். மூத்த மகனின் சிவப்பு டை அப்படித்தான் பாதியானது. வீட்டில் யாரும் அதற்காக வருத்தப்படவில்லை.

ஆபீசர் ஓர் இகுவானா. அக்கம்பக்கத்தார் மொழியில் பெரிய ஓணான். அப்பா ஓய்வு பெற்ற கையோடு வாங்கி வந்தது. அப்பா வேலை பார்த்த அலுவலகத்தில் அவருக்கு மேலே உட்கார்ந்திருந்த அதிகாரிக்கும் இப்படித்தான் தாடைக்குக் கீழே தோல் தொங்கும். இப்படித்தான் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்பார். யார் எந்தக் குறையைச் சொன்னாலும் தலையை மேலும் கீழும் ஆட்டுவார், ஆட்டியதோடு சரி. வேலையில் இருந்த காலம் முழுக்க அவரை "சார், சார்" என்று கும்பிட்ட அப்பா, கடைசியில் ஒரு பிராணிக்கு ஆபீசர் என்று பெயர் வைத்து, தினமும் வாய் நிறையத் திட்டிக்கொண்டே இலை நறுக்கிப் போட்டார். மனிதனுக்கு நியாயம் எந்தெந்த வழியிலெல்லாம் கிடைக்கிறது பாருங்கள்.

கிண்ணத்தின் விளிம்பில் ஸ்பூனால் தட்டுவார். டங், டங், டங். "சார், ஃபைல் வந்திருக்கு. கையெழுத்துப் போடுங்க." ஆபீசர் ஒரு கண்ணைத் திறந்து, படியிறங்குகிற பெரிய மனிதரின் நிதானத்தோடு வருவார்.

அப்பா போன மழைக்காலத்தில் போய்விட்டார். அவருடைய நாற்காலி ஜன்னலோரத்தில் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஒரு கண்ணாடி டம்ளர். டம்ளர் தண்ணீரில் அப்பாவின் பல்செட். அம்மா தினமும் காலையில் தண்ணீர் மாற்றுகிறாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான்.

அந்தப் பல்செட் சின்னவள் செய்தது. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க மெழுகும் மாவும் பிளாஸ்டருமாக ஊர்ப்பட்டவர்களின் வாய்களோடு பழகுகிறவள். அப்பாவின் தாடைக்கு எடுத்த பிளாஸ்டர் அச்சு இன்னும் அவளுடைய அலமாரியில் இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் அப்பா சிரிப்பார். அதனால் அவள் அதிகம் நிமிர்வதில்லை.

போன வாரம் அவள் காய்ச்சலோடு மதியமே வீடு திரும்பினாள். படியேறும்போதே உள்ளே கேட்டது. டங், டங், டங். கதவைத் திறந்தால் கூடத்தில் ஒருவரும் இல்லை. அம்மா உள் அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஜன்னலோர நாற்காலியின் மெத்தை, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோலக் குழிந்திருந்தது. காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு அவள் படுத்துவிட்டாள்.

இன்று காய்ச்சல் இல்லை. சனிக்கிழமை, ஆபீசருக்காக லீவு போட்டிருந்தாள். ஆபீசரின் தாடையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போனது.

மெழுகுத் தகட்டை விளக்கில் காட்டி எடுத்தால் எப்படி வளையுமோ, அப்படி.

* * *

கால்நடை மருத்துவமனையில் நாய்க்காரர்கள் நகர்ந்து உட்கார்ந்து வழிவிட்டார்கள். கூடைக்குள்ளிருந்து ஆபீசர் எல்லாரையும் பார்த்துத் தலையாட்டினார்.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். ஆபீசரின் பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். கால் நடுங்கியது. ரத்தம் எடுத்து உள்ளே அனுப்பினார்.

"என்ன சாப்பாடு?"

சின்னவள் ஒப்பித்தாள். அப்பா சொல்லிக்கொடுத்தது அத்தனையும் மனப்பாடம். கடுகுக் கீரை, மல்பெரி இலை, பொடியாக நறுக்கிய பீன்ஸ், துருவிய பூசணி, எப்போதாவது செம்பருத்திப் பூ. பழம் ஆசைக்கு ஒரு துண்டு. பாலக் கீரை தினமும் கூடாது, அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் ஒட்டவிடாது. வெள்ளரியும் லெட்டூஸும் பச்சைத் தண்ணீர், வயிறு நிறையும், உடம்பு தேறாது. மேலே கால்சியம் பவுடர். தின்றது செரிக்க வெயில் போல சூடு, எலும்பு பிடிக்க யூவி விளக்கு.

"யார் சொன்னது இதெல்லாம்?"

"எங்க அப்பா. எங்க படிப்பைக் கூட அவர் இவ்வளவு கவனிச்சதில்ல டாக்டர்."

"ரொம்ப சரியாச் சொல்லியிருக்கார். இதை மட்டும் சாப்பிட்டிருந்தா இவர் இங்க வந்திருக்க மாட்டார்."

உள்ளேயிருந்து ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தது. டாக்டரம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யூரிக் ஆசிட் இவ்வளவு ஏறியிருக்குன்னா, வீட்ல யாரோ முட்டை குடுக்கறாங்க. கறியும் குடுக்கறாங்க. என்னிக்கோ ஒரு நாள் இல்ல, நாள் தவறாம."

"இவர் இலை சாப்பிடறவர் டாக்டர். முட்டையைக் கொடுத்தாலும் தொட மாட்டாரே?"

"ஐஸ்கிரீம் உங்க உடம்புக்கு ஆகாதுன்னு உங்க நாக்குக்குத் தெரியுமா?"

சின்னவள் ஆபீசரின் நாக்கைப் பார்த்தாள்.

"இந்த உடம்பு இலைக்குன்னு செஞ்சது. முட்டையும் கறியும் போனா கிட்னியால சமாளிக்க முடியாது. பாஸ்பரஸ் ஏறும். அது ஏற ஏற, உடம்பு எலும்புலேருந்து கால்சியத்தை உருவும். தாடை தொளதொளன்னு ஆகறது, கால் நடுங்கறது எல்லாம் அதான். இன்னிக்கு ஊசி போடறேன். யார் குடுக்கறாங்களோ, இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க."

"நிறுத்திட்டா சரியாயிடுவாரா?"

"நிறுத்தினா பார்க்கலாம். நிறுத்தலைன்னா பார்க்க ஒண்ணும் இருக்காது."

* * *

முட்டை என்றதும் அவளுக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

அண்ணனை ஊரில் 'மாஸ்டர்' என்பார்கள். வாழ்க்கையில் உயர்வது எப்படி என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பது அவன் தொழில். அவன் உயர்ந்தது வீட்டு மாடி வரைக்கும். அதுவும் அப்பா கட்டின மாடி. அங்கே தனியாக இருக்கிறான். அண்ணி தன் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள். எப்போது திரும்புவாள் என்று யாரும் கேட்பதில்லை. 'திரும்புவாளா' என்று கேட்க வேண்டி வந்துவிடும். "சிங்கம் புல்லு தின்னா சிங்கமா இருக்குமா?" என்று ஆபீசரின் கிண்ணத்தைப் பார்த்து முன்பொரு முறை கேட்டவன் அவன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாஸ்டர் கூடத்தில் ஒத்திகையில் இருந்தான். சட்டைக் காலரில் கம்பியில்லா மைக். மூலையில் கறுப்பு ஒலிபெருக்கி. எதிரே நான்கு காலி நாற்காலிகள், மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்தன.

"மரணம் என்பது ஒரு முடிவா?" என்று ஒலிபெருக்கி கேட்டது. "இல்லை! மரணம் என்பது ஒரு மனநிலை!"

"அண்ணா, ஆபீசருக்கு முட்டை குடுத்தியா?"

"குறுக்கே பேசாதே பல்லு. ஃப்ளோ போயிடும்." பல்லு என்பது அவள் வேலைக்கு அவன் சூட்டிய பட்டம்.

"குடுத்தியா இல்லையா?"

"நான் ஏன் குடுக்கறேன்? என் டையைத் தின்ன ஜந்து அது. அதுக்கு விருந்து வேற வைப்பேனா?" மைக்கை அணைத்தான். அவன் முகத்தில் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது, சொல்லாவிட்டால் வெடித்துவிடுவான். "நாளைக்கு நிகழ்ச்சிக்கு வந்துடு. அம்மா மேடை ஏறப் போறாங்க."

"அம்மாவா? எதுக்கு?"

"அனுபவத்தைப் பகிர்ந்துக்க. ஹால் நிறைஞ்சாச்சு. அம்மா! நீங்களே இவளுக்குச் சொல்லுங்கள்." மேடைப் பழக்கத்தில் பெற்ற தாயையே 'நீங்கள்' என்றான்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். ரகசியம் வெளிப்பட்டுவிட்ட பள்ளிக்கூடப் பெண் போல நின்றாள். அப்பா போன பிறகு அந்த முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தைச் சின்னவள் பார்த்ததில்லை.

"அவர் வர்றார்டி."

"யாரு?"

"யாருன்னு கேக்கற பாரு. உங்க அப்பா."

சின்னவளின் கையில் கூடை கனத்தது.

"முதல் நாள் சும்மாதான் வச்சேன். கைப்பழக்கத்துல ரெண்டு பேருக்கு அவிச்சுட்டேன். எங்க கொண்டு போய்க் கொட்டறது? அவர் நாற்காலி பக்கத்துல ஸ்டூல்ல தட்டை வச்சேன். கூப்பிடணுமே! பேர் சொல்லி நான் என்னிக்குக் கூப்பிட்டிருக்கேன்? ஆபீசரை அவர் எப்படிக் கூப்பிடுவாரோ, அப்படியே ஸ்பூனால தட்டினேன். உள்ள போய்ப் படுத்துட்டேன். எழுந்து வந்து பார்த்தா, தட்டு துடைச்சு வச்ச மாதிரி இருந்துது."

"நீ ஏன் உள்ள போன?"

"நல்லா கேட்ட போ. பல்லு கட்டினப்புறம் அவர் யார் எதிர்லயாவது சாப்பிட்டிருக்காரா? ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துப்பாரே. நான் இருந்தா வெட்கப்படுவார்."

அது உண்மை. அப்பா எப்படி மெல்லுவார் என்பது அவருக்கும் சின்னவளுக்கும் மட்டும்தான் தெரியும். வலது ஈறு எலும்பு கூர்மை; பட்டால் நோகும். அதனால் எதையும் இடது பக்கம் ஒதுக்கித்தான் மெல்லுவார். 'யார்கிட்டயும் சொல்லாதே, கிழவன் மாடு மாதிரி அசை போடறான்னு சிரிப்பாங்க' என்று பட்டறையில் வாயைத் திறந்தபடியே சத்தியம் வாங்கியிருந்தார்.

"முட்டை வைக்கிறியாம்மா?"

"அவிச்சு, நூல்ல அறுத்து. அவருக்குக் கத்தி பட்டா பிடிக்காதே. கொத்துக்கறியும் கொஞ்சம் வைக்கிறேன்."

கூடைக்குள் ஆபீசர் தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

* * *

மாடிப்படியில் அண்ணனைப் பிடித்து நிறுத்தினாள்.

"தட்டைக் காலி பண்றது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

மாஸ்டர் காலரைச் சரிசெய்தான். "உண்மைங்கறது பார்க்கிற கோணத்தைப் பொறுத்தது."

"கோணத்தை விடு. நீ பார்த்தியா?"

ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறவன் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு தடவை வால் தெரிஞ்சுது" என்றான்.

"வாலு."

"வால் மட்டும்தான்."

"வாலைப் பார்த்துட்டு, அப்பா வர்றார்னு மேடையில பேசப் போறியா?"

"மெதுவாப் பேசு! பல்லு, யோசிச்சுப் பாரு. நாலு மாசமா அம்மா முகத்தை நிமிர்த்தினாளா? இப்ப பாட்டு முணுமுணுக்கறா. அந்த வாலைப் பத்தி நீ போய்ச் சொல்லப் போறியா? சொல்லு. தைரியம் இருந்தா போய்ச் சொல்லு."

வாழ்நாளில் முதல் தடவையாக மாஸ்டர் ஒரு நியாயமான கேள்வி கேட்டிருந்தான். அதுதான் எரிச்சலாக இருந்தது.

சொன்னால் அம்மாவுக்கு அப்பா இன்னொரு முறை போவார். சொல்லாவிட்டால் ஆபீசர் போவார். அப்பா கடைசியாகத் திட்டியதும், கடைசியாகத் தடவிக்கொடுத்ததும் ஆபீசரைத்தான்.

சின்னவள் படியிறங்கினாள். ஆபீசரைத் தன் அறையில், விளக்குக்குக் கீழே விட்டாள். கதவைப் பூட்டினாள். சாவி பையில்.

* * *

மதியம் முட்டை வெந்தது. அம்மா நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு முனையை இழுத்து அறுத்தாள். மஞ்சள் கரு சிதறாமல் வந்தது. தட்டில் அழகாக அடுக்கினாள். பக்கத்தில் கொத்துக்கறி.

"இன்னிக்கு நானும் உன்கூட உட்கார்றேன்மா."

"வேண்டாம். பார்த்தா வர மாட்டார்."

"முதுகைத் திருப்பிக்கிட்டு உட்கார்றேன்."

அம்மா யோசித்தாள். அதில் ஆட்சேபிக்க ஒன்றும் தோன்றவில்லை போலும். "சரி. திரும்பக் கூடாது."

தட்டை ஸ்டூலில், பல்செட் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். டம்ளரில் தண்ணீர் தெளிவாக இருந்தது, காலையில்தான் மாற்றியிருந்தாள். வாசல் கதவு தாழிட்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி மூடியிருந்தது. அப்பா போன பிறகு அதை யாரும் திறப்பதில்லை. இருவரும் நாற்காலிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். தண்டனை வாங்கிய இரண்டு மாணவிகள் போல.

அம்மா கையைப் பின்னால் நீட்டி, தட்டின் விளிம்பில் ஸ்பூனால் தட்டினாள்.

டங், டங், டங்.

கூடம் காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது.

பிறகு வந்தது ஒரு சத்தம். நாற்காலிப் பக்கமிருந்து அல்ல. பூட்டிய அறையின் கதவுக்குப் பின்னாலிருந்து. நகம் மரத்தைப் பிறாண்டும் சத்தம்.

அம்மாவின் தோள் அசைந்தது. மறுபடி தட்டினாள். டங், டங், டங்.

பிறாண்டல் வேகமெடுத்தது.

மூன்றாவது முறை அவள் ஒரே ஒரு தரம்தான் தட்டினாள். புண்ணைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, லேசாக. அதற்கும் கதவு பதில் சொன்னது.

சின்னவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லும் சங்கடம் அவளுக்கு இல்லாமல் போயிருந்தது. அது நிம்மதியாக இல்லை.

"ஆபீசரா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்தான்."

அம்மா ஸ்பூனை மடியில் வைத்துக்கொண்டாள். "பெரியவனுக்குத் தெரியுமா?"

"ஒரு தடவை வால் தெரிஞ்சுதாம்" என்றாள் சின்னவள். அதுவே போதுமானதாக இருந்தது.

"தெரிஞ்சுக்கிட்டேதான் என்னை மேடையில ஏத்தப் பார்த்தானா? படிச்ச பிள்ளை." ஸ்பூனைப் புடவையில் துடைத்தாள். "எனக்கு ஒண்ணு சொல்லு. யார் சாப்பிட்டா என்னடி? தட்டு காலியாச்சா இல்லையா? அவர் போனப்புறம் இந்த வீட்ல யார் என் தட்டைக் காலி பண்ணாங்க? நீ டப்பால அடைச்சுக்கிட்டுப் போய் அப்படியே திருப்பிக் கொண்டு வர்ற. அவன் டயட்டுன்னு முள்ளங்கியைக் கடிச்சுக்கிட்டுத் திரியறான். நான் யாருக்கு அவிக்கிறேன்?"

"அம்மா, ஆபீசருக்கு உடம்பு சரியில்ல. தாடை எலும்பு கரைஞ்சுக்கிட்டிருக்கு. முட்டையும் கறியும் அவருக்கு ஆகாது. கிட்னி போயிடும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"கிட்னியா?"

அந்த ஒரு வார்த்தையில் அம்மா திரும்பிவிட்டாள். திரும்பக் கூடாது என்று சட்டம் போட்டவளே திரும்பி, காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"இவருக்கும் அதானா! அவர்கிட்டயும் டாக்டர் இதைத்தானே சொன்னார். கறியை விடுங்க, முட்டையை விடுங்கன்னு. விட்டாரா? 'ஒண்ணே ஒண்ணு அவிச்சுக் குடு'ன்னு கேப்பார். நானும் குடுத்தேன்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "மறுபடியும் அதே கையா?"

கதவுக்குப் பின்னால் ஆபீசர் இன்னும் பிறாண்டிக்கொண்டிருந்தார்.

அம்மா முட்டியில் கையூன்றி எழுந்தாள். "வா. என்ன நறுக்கணும்னு சொல்லு."

* * *

"அந்தப் பலகை வேண்டாம்மா. அவருக்குத் தனிப் பலகை. நம்ம பாத்திரத்தோட கலக்கக் கூடாது. அவரைத் தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவணும், நமக்கு வயித்துக்கு ஆகாது."

"இத்தனை நாளா நம்ம தட்டுல தின்னிருக்கார். நாம செத்தா போயிட்டோம்?"

"இனிமே வேண்டாம்."

"சரிங்க ஆபீசர்." அம்மா கடுகுக் கீரையைப் பொடியாக அரிந்தாள். "இவ்வளவு பொடியாவா? தாடை வலிக்குமோ? இன்னும் கொஞ்சம் பொடியாக்கறேன். இதுல உப்பு?"

"உப்பெல்லாம் கூடாது."

"பாவம். ஆஸ்பத்திரிச் சாப்பாடு." பூசணியைத் துருவினாள். சின்னவள் மேலே கால்சியம் பவுடரைத் தூவினாள். அம்மா ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, நல்லவேளை, இதைத் தின்னாமலே தன் கணவர் போய்விட்டார் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

பின்வாசல் கதவு திறந்தது. மாடியிலிருந்து வெளிப்படி வழியாக மாஸ்டர் இறங்கி வந்திருந்தான். காலரில் மைக் அப்படியே இருந்தது. கையில் கேமரா.

"தட்டு காலியா? போட்டோ எடுக்கணும், நாளைக்கு ஸ்கிரீன்ல போட."

"வாப்பா" என்றாள் அம்மா. "வால் தெரிஞ்சுதாமே?"

மாஸ்டர் தங்கையைப் பார்த்தான். தங்கை பீன்ஸைப் பார்த்தாள்.

"அம்மா, அது வந்து, நம்பிக்கைங்கறது..."

"நம்பிக்கையை நீயே வச்சுக்கோ. நான் மேடைக்கு வரல."

"ஹால் நிறைஞ்சிருக்கும்மா! நான் என்ன சொல்றது?"

"உங்க அப்பா கீரைக்கு மாறிட்டார்னு சொல்லு."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும் வந்தது. நாலு மாதத்தில் அந்தச் சமையலறை கேட்ட முதல் சிரிப்பு. மாஸ்டர் மட்டும் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, புகைப்படத்துக்கு நிற்கிறவனைப் போல விறைத்து நின்றான்.

அம்மா கீரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

கூடத்தில் மூவரும் நின்றுவிட்டார்கள்.

ஸ்டூலில் தட்டு காலியாக இருந்தது. முட்டை இல்லை. கொத்துக்கறி இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

வாசல் கதவில் தாழ் போட்டபடி. ஜன்னல் மூடியபடி.

"திறந்துவிட்டியா அதை?" என்றான் மாஸ்டர்.

சின்னவள் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினாள். அறைக் கதவுக்குப் பின்னால், கூப்பிட்டதுபோல, ஆபீசர் ஒருமுறை பிறாண்டினார்.

மாஸ்டர் குனிந்து நாற்காலிக்குக் கீழே பார்த்தான். எழுந்து திரைச்சீலையை விலக்கிப் பார்த்தான். அப்போது கூடத்தில் யாரோ பெரிதாக மூச்சு வாங்குவது கேட்டது. சின்னவள் நாற்காலியைப் பார்த்தாள். பிறகுதான் தெரிந்தது, மூலை ஒலிபெருக்கி. குனிந்தபோது மைக் தன்னாலே இயங்கிவிட்டிருக்கிறது. மரணம் ஒரு மனநிலை என்று முழங்கிய அதே பெட்டி, இப்போது அவனுடைய நெஞ்சு படபடப்பதை ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு... எனக்குத் தொண்டை சரியில்ல" என்றான். பின்புறமாகவே நடந்து, வாசற்படியில் இடித்துக்கொண்டு, பின்கதவு வழியாகப் போனான்.

ஒலிபெருக்கி அவனை விடவில்லை. படியேறும் காலடி கேட்டது. மாடிக் கதவின் தாழ் விழுவது கேட்டது. கட்டில் கிரீச்சிட்டது. 

கடைசியில் மிகச் சிறிய குரல் ஒன்று வந்தது. மாஸ்டரின் குரல் அல்ல. மாஸ்டர் ஆவதற்கு முன்னால் அவனிடம் இருந்த குரல்.

"அப்பா..."

அம்மா போய் ஒலிபெருக்கியை அணைத்தாள். "பாவம், விடு" என்றாள்.

"அம்மா, நீ எடுத்துக் கொட்டிட்டியா?"

"நான் உன்கூடத்தானே இருந்தேன்? கீரை நறுக்கத்தானே கை போதாம நின்னேன்?" காலித் தட்டை அவள் வியப்பில்லாமல் பார்த்தாள். "போகட்டும். யாரா இருந்தாலும் இதுதான் கடைசி முட்டை. நாளையிலேருந்து எல்லாருக்கும் கீரைதான்."

காலித் தட்டை எடுத்துவிட்டு, ஆபீசரின் பழைய கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். ஸ்பூனால் விளிம்பில் தட்டினாள். சின்னவள் அறைக் கதவைத் திறந்தாள்.

ஆபீசர் வந்தார். பின்னங்கால் நடுங்க நடுங்க, இருந்தும் கம்பீரம் குறையாமல், வழியில் இருமுறை நின்று தலையாட்டிவிட்டு வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். முட்டைக்காகத்தான் வந்தார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. நாக்கை நீட்டிப் பூசணியைத் தொட்டார். இழுத்துக்கொண்டார்.

"சார், ஃபைல் வந்திருக்கு" என்றாள் அம்மா. கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "கையெழுத்துப் போடுங்க."

ஆபீசர் ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார். பிறகு ஒரு துணுக்குக் கீரையைக் கவ்வினார். மென்றார். அடுத்ததைக் கவ்வினார்.

அம்மா இம்முறை உள்ளே போய்ப் படுக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்து, அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவளுக்குத் தன் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. ஸ்டூலில் இருந்த டம்ளரை எடுத்தாள்.

காலையில் தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கியிருந்தது.

பல்செட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நாள் முழுக்கப் பல்லைப் பார்க்கிற கண். பார்க்காமல் இருக்கத் தெரியாத கண். கடைவாய்ப் பல்லின் குழிகளில், இன்னும் காயாமல், மஞ்சள் கரு ஒட்டியிருந்தது.

இடது பக்கம் மட்டும்.

வலது பக்கம், அவள் பட்டறையிலிருந்து கொண்டுவந்த அன்று இருந்ததைப் போலச் சுத்தமாக இருந்தது.

"என்னடி அங்கே பார்க்கறே?" என்றாள் அம்மா, ஆபீசரிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்லம்மா. தண்ணி மாத்தப் போறேன்."

சமையலறைக் குழாய் வரைக்கும் போனாள். குழாயின் மேல் கை வைத்தாள். திறந்தால் எல்லாம் கழுவிப் போய்விடும்.

கை வைத்தபடியே நின்றாள்.